கிரேட்ஃபுல் டெட் கச்சேரிப் பதிவுகள்: வம்சாவளி அறிந்து சேகரிக்கும் முறை

கிரேட்ஃபுல் டெட் என்னும் அமெரிக்க ராக் குழு 1965 முதல் 1995 வரை ஏறத்தாழ 2,300 கச்சேரிகளை நிகழ்த்தியது. அவற்றில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு வடிவில் ஒலிப்பதிவாகி இன்றும் ரசிகர்களிடையே உலவுகின்றன. ஒரே குழுவின் இத்தனை கச்சேரிகளை ஏன் சேகரிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பாட்டைச் சொன்னால் போதும். ‘டார்க் ஸ்டார்’ 1968இல் சிங்கிளாக வெளிவந்தபோது மூன்று நிமிடங்களுக்கும் குறைவாக இருந்தது. 1969 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் வாசிக்கப்பட்டு ‘லைவ்/டெட்’ ஆல்பத்தில் இடம்பெற்ற வடிவமோ 23 நிமிடம் நீள்கிறது. ஒரே கீர்த்தனையை ஒரே வித்வான் இரண்டு சபாக்களில் பாடும்போது நிரவலும் கல்பனாஸ்வரமும் வேறாகிவிடுவதை அறிந்த காதுகளுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. நம்மூர் ரசிகர்கள் சபாக் கச்சேரிகளையும் வானொலிக் கச்சேரிகளையும் கேசட்டில் பிடித்துத் தமக்குள் கைமாற்றிக்கொண்டதும் இதே ஆவலால்தான்.

பதிவுகளைக் குவிப்பது இன்று எளிது. நல்ல இணைய இணைப்பு இருந்தால் சில நாட்களிலேயே நூறு கச்சேரிகளை இறக்கிக்கொள்ளலாம். எது எங்கே பிடிக்கப்பட்டது, எத்தனை கை மாறி வந்தது, வழியில் எது கெட்டது என்ற விவரத்தை, அதாவது பதிவின் வம்சாவளியை, அறிந்து சேர்ப்பதுதான் உழைப்பைக் கேட்கும் வேலை. நான் தொடங்கிய காலத்தில், ஃபோல்டர்களுக்குள் இருந்த சிறு உரைக்கோப்புகளைத் தேவையற்றவை என்று எண்ணி அழித்துவிட்டு, பாட்டுக் கோப்புகளுக்கு என் விருப்பப்படி பெயரிட்டு வைத்தேன். பின்னர் ஒரே தேதிக்கு மூன்று பதிவுகள் சேர்ந்தபோது எது எதுவென்று அறிய வழியில்லாமல், நாற்பதுக்கும் மேற்பட்ட கச்சேரிகளை மீண்டும் முதலிலிருந்து தேடி எடுக்க நேர்ந்தது. அந்த உரைக்கோப்பு பதிவின் பாதி என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பூட்லெக் வேறு, கைமாற்றுப் பதிவு வேறு

பூட்லெக் என்ற சொல்லைக் குழுவின் இசைவின்றிப் பதிவுசெய்து விற்கப்படும் தட்டுகளுக்கும், ரசிகர்கள் காசு வாங்காமல் பகிர்ந்துகொள்ளும் பதிவுகளுக்கும் பொதுவாகப் பயன்படுத்துகிறார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கிரேட்ஃபுல் டெட் குழுவினர் தம் ரசிகர்கள் மைக் வைத்துப் பதிவுசெய்வதைப் பல ஆண்டுகள் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். 1984 அக்டோபரில் பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டரில் நடந்த கச்சேரிகளிலிருந்து பதிவாளர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கி, தனி டிக்கெட்டும் கொடுத்தார்கள். மைக் கம்பங்கள் மற்ற ரசிகர்களின் பார்வையை மறைத்ததும், ஒலிப்பொறியாளரின் மேசையைச் சுற்றி நெரிசல் மிகுந்ததும் இந்த ஏற்பாட்டுக்குக் காரணம். அதற்கு அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: பதிவைக் கொடுக்கலாம், வாங்கலாம், அதில் பணம் பார்க்கக் கூடாது. கேசட் காலத்தில் புதிதாக வந்தவர், வெற்றுக் கேசட்டுகளையும் திருப்பி அனுப்புவதற்கான தபால்தலைகளையும் ஒரு பழைய ரசிகருக்கு அனுப்பிவைத்தால், அவர் பதிவெடுத்துத் திருப்பி அனுப்பும் வழக்கம் இந்த நிபந்தனையின் நிழலில்தான் வளர்ந்தது.

எனவே குழுவின் சொந்த வெளியீடு தவிர, விலை போட்டு விற்கப்படும் எதையும் வாங்காதீர்கள். அது குழுவுக்கும் பதிவாளருக்கும் துரோகம் என்பது ஒருபுறமிருக்க, விற்பவர்கள் பெரும்பாலும் வம்சாவளித் தகவலை நீக்கிவிடுவதால் சேகரிப்பாளருக்கும் அதில் பயனில்லை. உங்கள் விருப்பக் குழு வேறொன்றாக இருந்தால், அது பதிவுகளை அனுமதிக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். அனுமதிக்காத குழுவின் கச்சேரியைப் பதிவுசெய்து விற்பது அமெரிக்காவில் 1994 முதல் கூட்டாட்சிச் சட்டப்படியே குற்றம்.

எங்கிருந்து தொடங்குவது

முதலில் மூன்றே கச்சேரிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தொடக்கம் முதல் முடிவு வரை கேளுங்கள். 1972 ஆகஸ்ட் 27 அன்று ஓரிகன் மாநிலத்தின் வெனீட்டாவில் கடும் வெயிலில் நடந்த கச்சேரி, 1977 மே 8 அன்று நியூயார்க் மாநிலத்தின் இத்தகாவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் வெளியே பனி பெய்த இரவில் நடந்த கச்சேரி, 1990 மார்ச் 29 அன்று நசாவ் கொலீசியத்தில் சாக்ஸஃபோன் கலைஞர் பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் உடன்வாசித்த கச்சேரி ஆகிய மூன்றையும் நான் பரிந்துரைக்கிறேன். மூன்றும் பின்னாளில், முறையே 2013, 2017, 2014 ஆண்டுகளில், குழுவின் சார்பிலேயே வெளியிடப்பட்டவை. அவற்றைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்பது நல்லது. நன்றாகப் பாதுகாக்கப்பட்ட மூல நாடா எப்படி ஒலிக்கும் என்பது காதில் பதிந்துவிட்டால், கைமாறி வந்த பதிவில் எது குறைகிறது என்பது தானாகவே பிடிபடும்.

அதன்பின் உங்களுக்குப் பிடித்த காலகட்டத்தைத் தேர்ந்துகொண்டு அதற்குள்ளேயே சில மாதங்கள் இருங்கள். 1968, 69இன் நீண்ட அலைவுகள், 1972 ஐரோப்பியப் பயணத்தின் தெளிவு, 1977 வசந்தகாலத்தின் இறுக்கமான வாசிப்பு, 1979 ஏப்ரலில் கீபோர்டு கலைஞர் பிரென்ட் மிட்லண்ட் சேர்ந்தபின் வந்த மாற்றம் ஆகியவை வெவ்வேறு சுவைகள். 1974 அக்டோபருக்குப் பிறகு குழு பயணங்களை நிறுத்தி ஓய்ந்திருந்ததால், 1975இல் நான்கு கச்சேரிகள் மட்டுமே உண்டு. அந்த ஆண்டின் தேதியிட்ட பதிவுகள் கைக்கு மிகுதியாக வந்தால் தேதியைச் சந்தேகியுங்கள்.

கிடைக்கும் இடங்களுள் முதன்மையானது, 2002இல் ஈட்ரீ என்ற ரசிகர் குழாமின் துணையுடன் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவின் நேரலை இசைப் பிரிவு. இசைவு தந்த குழுக்களின் பதிவுகளையே அது வைத்திருக்கிறது. 2005 நவம்பர் இறுதியில் கிரேட்ஃபுல் டெட் பதிவுகள் அனைத்தும் பதிவிறக்கத்திலிருந்து விலக்கப்பட்டு, ரசிகர்களின் எதிர்ப்புக்குப் பின் சில நாட்களிலேயே ஒரு சமரசம் ஏற்பட்டது. அன்று முதல் பார்வையாளர் பகுதியில் பிடிக்கப்பட்ட பதிவுகளை இறக்கிக்கொள்ளலாம். ஒலிக்கலவை மேசையிலிருந்து நேரே எடுத்த சவுண்ட்போர்டுப் பதிவுகளை அங்கேயே கேட்க மட்டும் முடியும். ஒரே தேதிக்குப் பல பதிவுகள் இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். புழக்கத்தில் உள்ள ஒவ்வொரு தொகுப்புக்கும் ஈட்ரீயின் தரவுத்தளத்தில் தனி எண் உண்டு. அந்த எண்ணை உங்கள் ஏட்டில் குறித்துக்கொண்டால் ஒன்றையே இரண்டு முறை சேர்க்க மாட்டீர்கள்.

பதிவின் வகையை அறிதல்

சவுண்ட்போர்டுப் பதிவு என்பது ஒலிக்கலவை மேசையிலிருந்து நேரே எடுக்கப்பட்டது. ஆடியன்ஸ் பதிவு என்பது அரங்கில் மைக் வைத்துப் பிடிக்கப்பட்டது. மேட்ரிக்ஸ் என்பது இரண்டையும் கலந்தது. தொடக்கநிலைச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் சவுண்ட்போர்டை மட்டுமே நாடுகிறார்கள். அது தவறு என்பது என் உறுதியான கருத்து. கலவை மேசை அரங்கின் ஒலிபெருக்கிகளுக்காக இயங்குகிறது. சிறிய அரங்கில் மேடையிலுள்ள கிதார் ஆம்ப்ளிஃபயரே போதிய சத்தம் தந்துவிட்டால், பொறியாளர் கிதாரைக் கலவையில் குறைத்துவிடுவார். பதிவிலோ குரல் முன்னே துருத்திக்கொண்டு நிற்க, கிதார் எங்கோ ஒலிக்கும். 1980களின் பல சவுண்ட்போர்டுகள் கூட்டத்தின் மூச்சே இல்லாமல் வறண்டிருக்கின்றன. அதே கச்சேரியை நல்ல மைக்குகளுடன் நல்ல இடத்தில் நின்று பிடித்த பதிவில் குழுவின் ஃபில் லெஷ் வாசிக்கும் பேஸ் கிதார் நெஞ்சில் அதிர்வதையும், பாட்டு திரும்பும் இடத்தில் கூட்டம் ஆர்ப்பரிப்பதையும் கேட்கலாம்.

இதற்கு விலக்காக நிற்பவை ‘பெட்டி போர்டுகள்’. ஒலிப்பொறியாளர் பெட்டி கான்டர்-ஜாக்சன் 1970களில் அரங்குக்கான கலவையைச் சாராமல், பதிவுக்கென்றே தனிக் கலவை அமைத்து நாக்ரா ரீல் இயந்திரங்களில் பிடித்த நாடாக்கள் இவை. அவருடைய நாடாக்கள் இருந்த சேமிப்பறையின் வாடகை நிலுவையானதால், 1986இல் அவை ஏலத்தில் விற்கப்பட்டன. வாங்கியவர்களிடமிருந்து படிகள் கசிந்து ரசிகருலகம் முழுவதும் பரவின. பார்ட்டன் ஹால் கச்சேரி இவ்வளவு புகழ் பெற்றதற்கு அந்த இரவின் வாசிப்பு ஒரு காரணம் என்றால், அது இவ்வளவு தெளிவாக இத்தனை பேர் கைக்குக் கிடைத்தது மற்றொரு காரணம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2011ஆம் ஆண்டுக்கான தேர்வுகளுள் அதுவும் ஒன்று. இலவசமாகக் கைமாறி வளர்ந்த ஒரு பதிவுக்கு அந்த இடம் கிடைத்ததை இன்றும் மகிழ்ச்சியோடு நினைத்துப் பார்க்கிறேன்.

ஆடியன்ஸ் பதிவுகளில், மைக் எங்கே இருந்தது என்பதைக் கவனியுங்கள். உரைக்கோப்பில் எஃப்.ஓ.பி. என்றிருந்தால், கலவை மேசைக்கு முன்னால், மேடைக்கு அருகில் பிடிக்கப்பட்டது என்று பொருள். 1984க்குப் பிறகு ஒதுக்கப்பட்ட பகுதி மேசைக்குப் பின்னால் இருந்ததால், விதியை மீறி முன்னால் சென்று பிடித்த பதிவுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. மேட்ரிக்ஸ் பதிவில் பார்க்க வேண்டியது காலப்பொருத்தம். மேடையிலிருந்து 30 மீட்டர் தொலைவில் உள்ள மைக்குக்கு ஒலி சுமார் 90 மில்லிவிநாடி தாமதமாகவே வந்து சேரும். அதைச் சரிசெய்யாமல் கலந்தால் டிரம் அடிகள் இரட்டையாக ஒலிக்கும். நாடாவின் வேகம் இரண்டு இயந்திரங்களில் சற்றே வேறுபடுவதால், முதல் பாட்டில் பொருந்திய கலவை ஐந்தாம் பாட்டில் விலகிவிடவும் கூடும். ஆகவே கச்சேரியின் கடைசிப் பாட்டைக் கேட்டுப் பார்த்த பிறகே மேட்ரிக்ஸை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வேறொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1974இன் ‘வால் ஆஃப் சவுண்ட்’ ஒலியமைப்பில் ஒலிபெருக்கிகள் பாடகர்களுக்குப் பின்னால் நின்றதால், ஊளைச் சத்தத்தைத் தவிர்க்க ஒவ்வொரு பாடகருக்கும் எதிரெதிர்த் துருவத்தில் இணைத்த இரண்டு மைக்குகளை வைத்து, ஒன்றில் மட்டும் பாடச் செய்தார்கள். அந்த ஆண்டின் பதிவுகளில் குரல்கள் மெலிந்து ஒலிப்பது இதனால்தான். அது நாடாவின் குறையோ, படியெடுத்தவரின் பிழையோ அன்று. சரிசெய்கிறேன் என்று அதில் கை வைக்காதீர்கள்.

வம்சாவளியைப் படிப்பது

ஒவ்வொரு தொகுப்பிலும் உள்ள உரைக்கோப்பில், ‘ஆடியன்ஸ் மாஸ்டர் கேசட் > கேசட் > டாட் > கணினி > ஃப்ளாக்’ என்பது போன்ற ஒரு வரி இருக்கும். டாட் என்பது டிஜிட்டல் ஒலிநாடா, ஃப்ளாக் என்பது தரம் குறையாமல் ஒலியைச் சுருக்கும் கோப்பு வடிவம். கச்சேரியின்போதே ஓடிய நாடாதான் மாஸ்டர். அதிலிருந்து எடுத்த படி முதல் தலைமுறை, அந்தப் படியின் படி இரண்டாம் தலைமுறை. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும், மேல்ஸ்தாயி மங்கும், வேக ஏற்றத்தாழ்வு சேர்ந்துகொள்ளும். டிஜிட்டலுக்கு மாறிய பின் எடுக்கும் படிகளில் சரியாகச் செய்தால் இழப்பு இல்லை. ஆகவே எத்தனை தலைமுறை என்று எண்ணும்போது டிஜிட்டலுக்கு முந்தைய படிகளை மட்டும் எண்ணுங்கள். வம்சாவளி சொல்லப்படாத பதிவு மோசமானது என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் அதே கச்சேரியின் வம்சாவளி தெரிந்த மற்றொரு பதிவு கிடைக்கும் வரை அதை இடைக்காலப் பதிவாகவே வையுங்கள்.

பயன்பட்ட கருவிகளின் பெயர்களும் அந்த வரியில் வரும். நாகமிச்சி, ஷெப்ஸ் போன்ற மைக்குகளையும், சோனி டிசி-டி5எம் என்ற கையடக்கக் கேசட் டெக்கையும் அடிக்கடி காண்பீர்கள். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடமே ஓடும் என்பதால், கச்சேரியின் நடுவில் பக்கம் திருப்பிய இடத்தில் சில விநாடிகள் விடுபட்டிருக்கும். அந்த இடைவெளியை மற்றொரு பதிவிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தால், எந்த நிமிடத்தில், எந்தப் பதிவிலிருந்து என்று நேர்மையான தொகுப்பாளர் எழுதிவைத்திருப்பார். பாட்டுப்பட்டியலில் இரண்டு பாட்டுகளுக்கு இடையே > குறி இருந்தால், நிறுத்தாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றார்கள் என்று பொருள். அங்கே மௌனமோ வெட்டோ கேட்டால் பதிவில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

சரிபார்த்தல்

இறக்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, தொகுப்போடு வரும் எம்டி5 கோப்பை (ஒவ்வொரு கோப்புக்கும் உரிய சரிபார்ப்பு எண் அதில் இருக்கும்) கொண்டு எல்லாக் கோப்புகளும் சிதையாமல் வந்தனவா என்று பார்ப்பது. எஃப்எஃப்பி என்ற மற்றொரு கோப்பும் இருக்கலாம். ஃப்ளாக் கோப்பின் டேக்குகளில் பாட்டின் பெயரை மாற்றினாலே எம்டி5 மாறிவிடும். எஃப்எஃப்பியோ ஒலியை மட்டும் அளப்பதால் மாறாது. ஆகவே டேக் எழுதும் பழக்கமுள்ளவர்கள் எஃப்எஃப்பியைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது, இடையில் எங்கேனும் எம்பி3 ஆக்கப்பட்டு மீண்டும் ஃப்ளாக்காக மாற்றப்பட்டதா என்ற சோதனை. இலவசமாகக் கிடைக்கும் ஒலித்தொகுப்பு மென்பொருள் ஒன்றில் கோப்பைத் திறந்து, எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஒலிக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் தோற்றத்தில் பாருங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3யாக இருந்த ஒலி, 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல் கச்சேரி முழுவதும் ஒரே உயரத்தில் நின்றுவிடும். இங்கே அவசரப்படக் கூடாது. பழைய கேசட்டிலும் மேல்ஸ்தாயி இல்லாமற்போகும், ஆனால் அது படிப்படியாகத் தேயும். எஃப்எம் வானொலி ஒலிபரப்பிலிருந்து எடுத்த பதிவு 15 கிலோஹெர்ட்ஸ் அருகே நின்றுவிடுவது இயல்பு. ஸ்டீரியோ ஒலிபரப்பின் துணைக்குறியான 19 கிலோஹெர்ட்ஸ் மெல்லிய கோடாகத் தெரிந்தால், அது வானொலிப் பதிவு என்பதற்கு அதுவே சாட்சி. இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல வானொலிப் பதிவுகளைப் போலி என்று ஒதுக்கியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, காதால் கேட்டுச் சரிபாருங்கள். கிதாரை எடுத்து உடன் வாசித்துப் பார்த்தால் சுருதி அரைக்கட்டை ஏறியிருப்பது தெரிந்துவிடும். பேட்டரி தளர்ந்த டெக் மெதுவாக ஓடிப் பதிவுசெய்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால், ஒலி இப்படித்தான் வேகமாகவும் உச்சத்திலும் வரும்.

கேசட்டிலிருந்து நீங்களே எடுப்பதானால்

வட அமெரிக்காவில் வசிப்பவர்களுக்குப் பழைய ரசிகர்களின் கேசட் பெட்டிகள் சில சமயம் கைக்கு வருவதுண்டு. அவற்றை ஓட்டுவதற்கு முன் உறைகளில் எழுதியிருப்பதையெல்லாம் படமெடுத்து வையுங்கள். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத்துண்டு விழுந்திருந்தால், நாடாவைக் கவனமாக வேறொரு கூட்டுக்கு மாற்ற வேண்டும். டெக்கின் ஹெட்டையும் உருளைகளையும் துடைத்த பின், ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்வது மிக முக்கியம். ஒலியை மோனோவாக்கிக் கேட்டுக்கொண்டே, ஹெட்டருகே உள்ள திருகை மிக மெல்லத் திருப்பினால், இரைச்சலும் சிம்பல் ஒலியும் திடீரென்று பளிச்சென்று திறக்கும் ஓர் இடம் வரும், அங்கே நிறுத்துங்கள். இந்த ஒரு திருகை அலட்சியம் செய்ததால் மங்கிப்போன பதிவுகள் இன்று ஏராளமாகப் புழங்குகின்றன. பின்னால் எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

டால்பி என்னும் இரைச்சல் குறைப்பு முறையைப் போட்டுப் பதிவானதா என்று உறையில் எழுதியிருக்கும். ஐயமிருந்தால் டால்பி இல்லாமலே எடுத்து, எடுத்த விதத்தைக் குறித்துவையுங்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்து, இரைச்சல் நீக்கமோ ஒலித்திருத்தமோ செய்யாத மூலக் கோப்பைத் தனியே காத்து வையுங்கள். வேகத் திருத்தம், பாட்டுப் பிரிப்பு எல்லாம் அதன் நகலில்தான். சிடியாக எரிப்பவர்களையும் கருதுவதானால், நகலை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு, ஒவ்வொரு பாட்டின் நீளமும் விநாடியின் 75இல் ஒரு பங்கின் முழு மடங்காக அமையும்படி பிரியுங்கள். இல்லையென்றால் பாட்டு மாறும் இடங்களில் சிறு சொடுக்கு கேட்கும்.

அடுக்குவதும் கொடுப்பதும்

ஃபோல்டரின் பெயரில் குழுவின் சுருக்கம், ஆண்டு-மாதம்-நாள், பதிவு வகை, தரவுத்தள எண் ஆகியவை இந்த வரிசையிலேயே இருக்கட்டும். அப்போது கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். மூன்று மணி நேரக் கச்சேரி சாதாரண ஃப்ளாக்கில் ஏறத்தாழ 1 ஜிபி பிடிக்கும், 24 பிட் வடிவில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. இரண்டு ஹார்ட் டிஸ்குகளில், முடிந்தால் இரண்டு வீடுகளில் வைத்து, ஆண்டுக்கொருமுறை எம்டி5 சோதனையை எல்லாவற்றின் மீதும் ஓட்டுங்கள்.

ஏட்டில் ஒவ்வொரு கச்சேரிக்கும் இரண்டு வரியாவது உங்கள் சொந்தக் குறிப்பை எழுதுங்கள். எந்தப் பாட்டில் குழுவின் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா எதிர்பாராத இடத்துக்குச் சென்றார், எந்த நிமிடத்தில் நாடா அறுந்தது, அருகிலிருந்தவர் எங்கே பேசித் தொலைத்தார் என்பதெல்லாம் ஆயிரம் மணி நேரப் பதிவுகள் சேர்ந்த பிறகு நினைவில் நிற்காது.

ஒருவர் கேட்டால் ஃபோல்டரை முழுமையாகக் கொடுங்கள்: உரைக்கோப்பு, எம்டி5, எஃப்எஃப்பி, உறையின் படங்கள் எல்லாம் சேர்த்து. நீங்கள் ஏதேனும் திருத்தியிருந்தால், பழைய வரிகளை அழிக்காமல், என்ன செய்தீர்கள் என்பதையும் தேதியையும் அவற்றின் கீழே சேர்த்து எழுதுங்கள். கைப்பேசியில் கேட்க எம்பி3 ஆக்கிய நகல்களை வேறொரு ஃபோல்டரில் வைத்து, அதன் பெயரிலேயே ‘கேட்க மட்டும்’ என்று எழுதிவிடுங்கள்.